எதிர்ப்பு சக்தி

டாக்டர் நஸ்ரீன் போய்விட்டார், அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. கிட்னி மருந்தைக் குறைக்கலாமா, என்ன சொல்றீங்க, ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றேன், யோசிச்சு வைங்கம்மா. யோசித்து வைப்பதற்கு இது என்ன தீபாவளிக்கு எடுக்கிற சேலையா, பச்சையா நீலமா என்று. கட்டிலில் என் வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அண்டாவுக்கு மூடி தனி என்று காலையில் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தனி, தனி என்றார். பாத்திரக்கடையில் விற்பனையாளராக நின்ற மனுஷன், சங்கரபாண்டி அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தால் ஓட்டை இருக்காது என்று கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள், இப்போது வலிப்பு வந்து விழுந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பொருத்தமாகப் பேசவில்லை. கால்மாட்டில் அவருடைய அக்கா, கோமு மதினி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தம்பியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மனசுக்குள்தான் இந்த அவள் இவள் எல்லாம், வாயைத் திறந்தால் மதினி, நீங்க, வாங்க. தேய்க்கட்டும். அந்தக் கை சும்மா இருக்காது, சும்மா இருந்திருந்தால் நாங்கள் இந்த ஆஸ்பத்திரியில் இந்த அறையில் இருக்க மாட்டோம், நினைக்காதே உலகு, அந்தப் பக்கம் போகாதே, டாக்டர் திரும்பி வருவதற்குள் கேட்டதற்கு மட்டும் பதிலைத் தேடு. குறைக்கலாமா. குறைத்தால் என்ன, குறைக்காவிட்டால் என்ன.

குறைக்காவிட்டால் தலைக்குள் இருக்கிறது பெருகும். படத்தில் காட்டினார்கள், கறுப்பில் வெள்ளை வெள்ளையாக வளையம், வளையல்கடையில் தொங்குகிற மாதிரி, போன படத்தைவிட இந்தப் படத்தில் பெரிதாக இருந்தது. டாக்ஸோ என்னவோ பேர், முழுப்பேரை நான் சொல்லிப் பழகவில்லை, சொல்லிப் பழகினால் அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடும். ஒட்டுண்ணி. ஊரில் எத்தனையோ பேர் உடம்பில் இது இருக்குமாம், சரியாக வேகாத கறியில் வரும், பூனை புழங்கின மண்ணில் வரும், வந்து ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும், சாகிறவரை மனுஷனுக்குத் தெரியவே தெரியாதாம். அப்படியானால் எனக்குள்ளும் இருக்கலாம், மதினிக்குள்ளும் இருக்கலாம், இந்த நர்ஸ் பிள்ளைக்கும். எங்களுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டேன். டாக்டர் நின்று நிதானமாகச் சொன்னார், அவசரப்படாத மனுஷி, மேலப்பாளையத்துக்காரி, எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர். அது செல்லுக்குள் புகுந்து தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்ளுமாம். பைக்குள் இருக்கிறவரை செல்லுக்குத் தன் வயிற்றில் ஆள் இருக்கிறது என்பதே உறைக்காது. வெளியே ரத்தத்தில் சுற்றுகிற வெள்ளை அணுக்கள்தான் மோப்பம் பிடித்து ஒரு சத்தம் கொடுக்கும், சத்தம் என்றால் காதில் கேட்கிற சத்தம் இல்லை, ஒரு ரசாயனம், இன்டர்ஃபெரான் என்று பேர். அது வந்து செல்லைத் தொட்டதும் செல் விழித்துக்கொள்ளும். பையின் மேல் இன்னதுதான் களவாணி என்று அடையாளம் குத்தும், பையை உடைக்கும், களவாணி தின்கிற சத்தைத் தானே அழித்துப் பட்டினி போடும், எதற்கும் மசியவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொண்டு தானும் செத்துப்போகும். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவதா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. சில சமயம் அதுதாம்மா வழி, பக்கத்து வீடு பிழைக்கும் என்றார். இப்போது கொடுக்கிற மாத்திரை அதைப் பெருகவிடாமல் பிடித்து வைக்கத்தான் பார்க்கும், முடிக்க வேண்டியது அவருடைய உடம்பு. அந்த உடம்பின் வாயைத்தான் நாம் இத்தனை நாளாக அடைத்து வைத்திருக்கிறோம் என்றார். நாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு ஆறுதல், நான் மட்டும் இல்லை.

வாயை அடைக்கிறது எனக்குத் தெரியாத சங்கதியா. கேபிள் ஆபீஸில் புகார் வாங்குகிற வேலைதானே எனக்கு. மழை பெய்து வயர் அறுந்து தெருத் தெருவாகப் படம் போய்விட்டால் போன் அலறும், ஒருத்தன் போனை வைத்தால் ஒன்பது பேர், கடைசியில் முதலாளி ரிசீவரை எடுத்து மேஜையில் படுக்கப்போடச் சொல்லுவார். போட்டுவிட்டால் ஆபீஸ் அமைதியாகிவிடும், எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். வெளியே சரியாகியிருக்காது. இவருக்குக் கொடுக்கிற மருந்தும் அந்த வேலைதான் செய்கிறது. என் கிட்னி அவர் வயிற்றுக்குள் போன நாளிலிருந்து அது அந்நியம் அந்நியம் என்று அவர் உடம்பு கூப்பாடு போடாமல் இருக்க வேண்டும், கூப்பாடு போட்டால் வெள்ளை அணு வந்து என்னுடையதை அடித்து நொறுக்கிவிடும். அதனால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தாயிற்று. என்னை வாயை மூடச் சொன்னது போதாதென்று அவரையும் மூடச் சொல்லியாயிற்று. கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அக்கா கைப்பக்குவம் வேண்டும், அது பழக எத்தனை வருஷம் ஆனது, ஆனாலும் பழகியது. உடம்பு பழகாதாம். எத்தனை வருஷம் ஆனாலும் நான் அதற்கு வெளியாள்தான், மருந்து கொடுத்து மயக்கி வைத்தால்தான் என்னை உள்ளே இருக்க விடும். டாக்டரிடம் கேட்டேன், பெண்டாட்டிதானே, இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள்தானே என்று. செல்லுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தெரியாதுதான். எனக்கு அழுகை வந்தது அப்போது, கிட்னி கொடுத்த அன்றைக்குக்கூட வரவில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது, என் உடம்பிலிருந்து பிரிந்து போய் உயிரோடு இருக்கிறது அது ஒன்றுதான்.

நர்ஸ் பிள்ளை வந்து ட்ரிப்ஸ் பாட்டிலைத் தட்டிவிட்டுப் போகிறாள். அறையில் டெட்டாலும் ஆரஞ்சுத் தோலும் கலந்து ஒரு வாடை, மதினிதான் ஆரஞ்சு உரித்தாள், தம்பிக்கு இல்லை, பயத்துக்கு உரித்தாள், சுளை சுளையாகப் பிரித்து தட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள், யாரும் தின்னவில்லை. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்த கை அது. அந்தக் கைதான் சீந்தில்கொடியைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தது. கொரோனா நேரத்தில் ஊரே குடித்தது, டிவியைத் திறந்தால் எதிர்ப்பு சக்தி, தெருவில் போஸ்டர் எதிர்ப்பு சக்தி, அன்றைக்குப் பிடித்ததுதான், இன்றுவரை விடவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கெட்ட வார்த்தை. இவருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கக் கூடாது, அதுதான் பிழைப்பு. மதினிக்கு எத்தனையோ தரம் சொன்னோம், தலையை ஆட்டினாள், உள்ளே ஏறவில்லை, ஏறாது, தம்பி வாடிப்போயிருக்கான், பலம் வேண்டாமா, மருந்து எல்லாம் சூடு, சூட்டைத் தணிக்க வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவார், நான் துணி துவைத்துக்கொண்டிருப்பேன், அங்கே ஒரு டம்ளர் கஷாயம், உலகுகிட்டச் சொல்லாத, அவ பயப்படுவா. இவரும் குடித்தார். படித்துப் படித்துச் சொல்லி அனுப்பின ஆள், வெளியே ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்காத ஆள், அக்கா கொடுத்தால் குடிப்பார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருப்பார், அதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. பிறகு கால் வீங்கியது, டெஸ்டில் எண்கள் ஏறின, கிட்னியை உடம்பு தாக்க ஆரம்பித்துவிட்டது, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டபோது நான் அடித்துச் சொன்னேன் இல்லை என்று. இவர் தலையைக் குனிந்தார், அப்போதுதான் எனக்குக் கஷாயச் சங்கதி தெரிந்தது. அதனால்தான் வந்ததா என்றேன், இருக்கலாம் என்றார் டாக்டர், உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, ஆனால் இருக்கலாம். தாக்குதலை நிறுத்த ஊசி ஊசியாக ஏற்றினார்கள், உடம்பின் சத்தம் சுத்தமாக ஒடுங்கியது, கிட்னி தப்பியது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். சத்தம் ஒடுங்கிய வீட்டில் சுருண்டு கிடந்தது எழுந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. மதினிக்கு இந்தக் கதை தெரியாது. ஏதோ கிருமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் என்ன. இப்போதே, இந்த ஸ்டூலில் வைத்தே, ஒங்க கஷாயம்தான் மதினி என்று சொன்னால் என்ன. நாக்கு நுனியில் இருக்கிறது. சொன்னால் அந்தக் கை அந்தக் காலைத் தேய்ப்பதை விட்டுவிடும், அதற்குமேல் அந்தக் கைக்கு என்ன வேலை இருக்கிறது உலகத்தில், பாவி, எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா.

குறைத்தால். அதை யோசிக்க மாட்டேன் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறது, கஷாயத்துக்குப் போகிறது, குழம்புக்குப் போகிறது, அங்கே மட்டும் போகாது. மூன்று மருந்தில் அந்த ஊதா மாத்திரையை நிறுத்தி இன்னொன்றைப் பாதியாக்கினால் சத்தம் திரும்பும், வெள்ளை அணு தலைக்குள் போய்ச் சண்டை போடும், அந்தச் சண்டையில் தலை வீங்கவும் கூடும், அதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம் என்றார்கள். தலையில் ஜெயித்துவிட்டு அதே கையோடு கீழே இறங்கி என் கிட்னியிடம் வரும். கொஞ்ச நாளில் வரலாம், மெதுவாக வரலாம், வராமலே போகவும் வாய்ப்புண்டு, ஆனா அதை நம்பி முடிவெடுக்காதீங்க என்றார் டாக்டர். வந்துவிட்டால் டயாலிசிஸ். அதுதான். ஆபரேஷனுக்கு முன்னே அவரைக் கட்டிப்போட்டிருந்த அந்த மிஷின்தான். வாரத்துக்கு மூன்று தரம் போய்ப் படுத்துக்கொண்டு ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றி வருவதை விழித்திருந்து பார்க்க வேண்டும், முடித்துவிட்டு வந்தால் வாழைத்தண்டாகத் துவண்டு கிடப்பார், ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக்கொண்டு நாக்கை நனைத்து நனைத்துக் குடிப்பார், கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எழுந்து கதவைச் சாத்துவார். ஒருநாள் குளிக்கும்போது வாய்க்குள் தண்ணீரை விட்டுக்கொண்டதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவர் பார்த்தார், துப்பிவிட்டார். ஆபரேஷனுக்கு முதல்நாள் ஆட்டோவில் வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். இது தங்காமப் போச்சுன்னா என்னைய மறுபடியும் அந்த மிஷின்ல கொண்டு கட்டிராத, விட்டுரு என்றார். கெஞ்சவில்லை, அண்டாவுக்கு விலை சொல்வது போலச் சொன்னார், ஒரே விலை. நான் சரி என்றேன். ஆள் அனுப்புதோம் சார், சரி சார் என்று போனில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அந்த நேரத்துக்கு அவர் வாயை அடைக்க ஒரு சரி. அவர் அதை நம்பித்தான் உள்ளே போய்ப் படுத்தார். இப்போது அவரைக் கேட்க முடியாது, கேட்டால் மூடி தனி என்பார். அவர் வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குறைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும், கிட்னி நல்லபடியாக இருக்கும், ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார், தலைக்குள் வளையம் பெரிதாகும், நல்ல கிட்னியோடு எரியூட்ட வேண்டும். என்னுடையதையும் சேர்த்துத்தானே எரிப்பார்கள். இது என்ன யோசனை, என்ன பொம்பளை நான், எரிக்கிற இடத்தில் நின்று என்னுடையது உன்னுடையது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். அவர் செத்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம் என்றால், பிழைத்து எழுந்து, மிஷினில் படுத்துக்கொண்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாரே, அந்தப் பயம் இன்னொரு பக்கம். எது பெரிது. அது பெரிது இது பெரிது என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன், எதைச் சொன்னாலும் மற்றது பெரிதாகிறது. இனிமேல் கொடுப்பதற்கு என்னிடம் இன்னொன்று கிடையாது, இருக்கிறது ஒன்று, அது நான் நடமாட.

மதினி கேட்கிறாள், டாக்டரம்மா என்னட்டி சொல்லிட்டுப் போறாவ, இங்கிலீசும் தமிழுமா எனக்கு ஒரு எழவும் விளங்கல. மருந்தைக் குறைத்து உடம்பின் எதிர்ப்பைத் திரும்பக் கொண்டு வரலாமா என்று யோசிக்கிறார்கள் என்றேன். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மதினியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் பார்க்கவில்லை.

"எதிர்ப்பு சக்திய கூட்டணும்னு இப்பமாவது தெரிஞ்சுதே. நான் அன்னைக்கே சொன்னேம்லா? ஒருத்தரும் கேக்கலியே."

என் நெஞ்சுக்குள் ஏதோ மேலே ஏறி வந்தது, கெட்டகெட்ட வார்த்தையாக, என் அம்மா வீட்டில்கூடப் பேசாத வார்த்தையாக. அவள் தம்பியின் காலைத் தட்டி, ஏலே சங்கரா, சரியாயிரும்ல, டாக்டரே சொல்லிட்டாவ என்கிறாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அன்றைக்கு விஷம், இன்றைக்கு மருந்து, நடுவில் மாறினது எது, உடம்பா, காலமா, யாரைப் போய்க் கேட்பது. அவளுக்குக் குறைக்கலாமா என்ற கேள்வியே கிடையாது. கிட்னி போகும் என்று சொன்னால், போனாப் போகுது, தம்பி இருக்கட்டும் என்பாள், கண்ணை மூடாமல் சொல்லுவாள், அவள் கொடுத்த கிட்னி இல்லையே. சீ. கொடுத்திருப்பாள். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர்கள்தான் வேண்டாம் என்றார்கள், அன்று ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவள் இவள். அவளுக்குத் தம்பி இருக்க வேண்டும், எப்படியாவது இருக்க வேண்டும், மிஷினில் இருந்தாலும் சரி, பேச்சில்லாமல் இருந்தாலும் சரி. எனக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, டாக்டர்கூட நோயாளிக்கு எது நல்லது என்றுதான் கேட்டார். எனக்கு இவர் வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன், கூச்சமாக இருக்கிறது. வாக்கு, மிஷின், அவர் பார்வை, எல்லாவற்றையும் தள்ளி வைத்தால் அடியில் இது ஒன்றுதான் கிடக்கிறது, மதினிக்கும் எனக்கும் ஒரே ஆசை, அவள் அதை உரக்கச் சொல்லுகிறாள், நான் ஒளித்து வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறேன்.

டாக்டர் நஸ்ரீன் உள்ளே வந்து அவர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், வலது கை தொப்பென்று விழுந்தது. என் பக்கம் திரும்பினார். மிஷின் வேண்டாம் என்று இவர் முன்னாடியே சொல்லியிருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். தெரியும்மா, எங்கிட்டயும் ஒருமுறை சொல்லியிருக்கார் என்றார். அப்படியானால் இந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், என் சரி ஒன்றை மட்டும் நம்பி இருக்கவில்லை.

"கொறச்சிருங்க டாக்டர். அவுக தெளிஞ்சு கேட்டா, நான் சொன்னதுன்னு சொல்லுங்க. ஒங்க மேல போட்டுக்காதீங்க."

அவர் தலையசைத்துவிட்டு நர்ஸிடம் போய் ஏதோ சொன்னார், எழுதினார், போனார். அவ்வளவுதான். ஒரு கதவு திறந்து மூடுகிற நேரம். இத்தனை நேரமும் நான் எதைச் சுமந்துகொண்டிருந்தேனோ அது இறங்கவில்லை, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறினது போல இருந்தது. மதினி கேண்டீனில் கஞ்சி வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். நான் தட்டிவிடவில்லை.

மதிய மாத்திரையை நர்ஸ் பிள்ளை சின்ன மூடியில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தினோம், நான் அவர் பிடரியில் கைகொடுத்து, மூடியை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கண் மின்விசிறியை விட்டு இறங்கி மூடிக்குள் பார்த்தது, வெகுநேரம் பார்த்தது. பிறகு என் முகத்துக்கு வந்தது. பாத்திரக்கடைக்காரர் இல்லை, யாரோ இல்லை, இவர்தான், என் வீட்டுக்காரர், வந்து நிற்கிறார். நாக்கு குழறியது, ஆனால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது.

"ஊதா எங்க?"

"இன்னைக்குக் கெடையாதாம். டாக்டர் நிப்பாட்டிட்டாங்க." அப்புறம் பொய்யாக அதை விட்டுவைக்க முடியவில்லை. "நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

மிஷின் என்று சொல்லப்போகிறார். ஆட்டோ என்று, வாக்கு என்று. அவர் இடது கையைத் தூக்கினார், தூக்க முடிந்தது அதுதான், என் சேலைக்கு மேலே, இடுப்புப் பக்கம், என்னுடையதை எடுத்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பம் ஒன்னோடது போயிரும்லா, உலகு."

"போனாப் போகட்டும். வாயத் தொறங்க."

திறந்தார். நான் ஒவ்வொரு மாத்திரையாக வைத்து, ஸ்பூனில் தண்ணீர் விட்டேன்.